கண் மூடாத மதியம்

போன வாரம் ஹரிப்ரியாவைப் பெர்லினில், பேராசிரியரின் அறை வாசலில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். கையில் காபி ஆறிக்கொண்டிருந்தது. "இன்னும் இரண்டு வருடம் இரு. ஆய்வுக்குழுவை நீயே நடத்து. திங்கட்கிழமை பதில் சொன்னால் போதும்" என்று அந்த மனுஷர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பத்து வருடமாக அவள் கேட்கத் தவித்த வார்த்தை அது. ஆனால் ஏப்ரலில் பெர்லின் வேலையை முடித்துக்கொண்டு மியூனிக் திரும்பிவிடுவேன் என்று கணவன் பாரத்துக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தாள். அவனிடம் அவள் இன்னும் வாய் திறக்கவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. வழக்கமாக வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை கிளம்புகிறவள், இந்த வாரம் வியாழன் இரவே வந்துவிட்டாள். இன்று மாலையே திரும்பியாக வேண்டும். ஆய்வுக்கூடத்தில் தட்டுகளில் வளர்கிற செல்களுக்குச் சனி, ஞாயிறு தீனி மாற்றுகிற முறை இந்த வாரம் அவளுடையது. "பெத்த பொண்ணுக்கு அப்பா ஊட்டறான், நீ பெர்லின்ல செல்லுக்கு ஊட்டறே" என்று மாடி வீட்டு வைதேகி ஒருமுறை கிண்டல் செய்தாள். ஹரிப்ரியாவும் கூடச் சிரித்தாள். அன்றைக்கு ரயில் ஏறின பிறகு அவள் எப்படி இருந்தாள் என்று வைதேகிக்குத் தெரியாது.

கண் விழித்தபோது ஜன்னல் திரையெல்லாம் வெளிச்சம். வீட்டில் சத்தமே இல்லை.

"யாமி!" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை.

படுக்கையிலிருந்து எழுந்து கூடத்துக்கு வந்தாள். சமையலறையில் பாதி தின்ற வாழைப்பழம். செருப்பு வைக்கிற இடத்தில் மகளின் சின்ன பூட்ஸைக் காணோம். தூங்கப் போகும்போது பக்கத்தில் பாரத் இருந்தான், அடுத்த அறையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், எழுந்தால் யாரும் இல்லை. முப்பத்தைந்து வயதுப் பெண் ஒவ்வொரு அறைக் கதவாகத் திறந்து தேடினாள். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும் என்று அப்படியொரு கோபம் வந்தது.

பாரத்துக்குப் போன் அடித்தாள்.

"நீ அசந்து தூங்கிட்டிருந்தே, எழுப்ப மனசு வரலை" என்றான் அவன். "யாமியை கீட்டால விட்டுட்டு ஆபீஸ் வந்துட்டேன். நீ வந்திருக்கேன்னே அவளுக்குத் தெரியாது. பதினோரு மணிக்கு நேரா அங்க வந்துடு, லேட் பண்ணாதே."

கீட்டா என்பது இந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்கு முந்திய குழந்தைகள் போகிற இடம். அங்கே வருடத்துக்கு ஒருமுறை பெற்றோரை உட்கார வைத்து, உங்கள் பிள்ளை எப்படி வளர்கிறது என்று விளக்கமாகச் சொல்வார்கள். அதற்கு நாளும் மணியும் குறித்து ஒரு டெர்மின் கொடுப்பார்கள். கல்யாண முகூர்த்தத்தைக்கூட மாற்றிவிடலாம், ஜெர்மனியில் டெர்மினை மாற்ற முடியாது. அதனால்தான் ஹரிப்ரியா தன் வாரத்தையே திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள்.

லைம் ஸ்டேஷனுக்குப் பின்னாலிருக்கும் அந்தக் கீட்டாவின் தோட்டத்தில், மழை பெய்து ஊறின மண்ணில், பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் ரப்பர் கால்சட்டையோடு புரண்டுகொண்டிருந்தன. அதில் ஒன்று யாமினி. அம்மாவைப் பார்த்தாள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று ஹரிப்ரியா மண்டியிட்டுக் கையை விரித்தாள்.

"வந்துட்டியா?" என்றாள் யாமினி. ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "இதைப் பிடி" என்று ஈரக் கல் ஒன்றைக் கையில் திணித்துவிட்டுத் திரும்ப மண்ணுக்கே போய்விட்டாள்.

விரித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஹரிப்ரியா எழுந்து, முழங்காலில் ஒட்டின சேற்றைத் தட்டினாள்.

"இருங்கோ அக்கா. கதிரை சின்னன், பாத்து இருங்கோ" என்றாள் உள்ளே அறையில் காத்திருந்த மக்டலீன்.

யாமினியின் குழுவைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். மன்னாரிலிருந்து அகதிகளாக வந்த தாய் தகப்பனுக்கு இங்கேயே பிறந்து, இந்த வேலைக்கென்றே மூன்று நான்கு வருடம் படித்தவள். ஜெர்மனில் பேசினால் அதிகாரி மாதிரி இருக்கும். தமிழுக்கு மாறினால் பக்கத்து வீட்டுப் பெண்.

பாரத் முட்டி மோவாயில் இடிக்க ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஹரிப்ரியா இன்னொன்றில்.

"முதல் நல்லதைச் சொல்லுறன்" என்று தொடங்கினாள் மக்டலீன். "வந்த புதுசிலை ஒருத்தரோடையும் கதைக்க மாட்டா. இப்ப காலமை எல்லாரும் வட்டமா இருக்கேக்கை, தான்தான் முதல் கதைக்க வேணும் எண்டு கை தூக்குறா. தன்ரை முறை வருமட்டும் பொறுக்கவும் பழகியிட்டா. சப்பாத்துத் தானே போடுவா. இடம் வலம் மாறும், ஆனா ஆரும் தொட ஏலாது. சாப்பாட்டு நேரம் மேசைக்குக் கோப்பை அடுக்குறது அவதான். தண்ணியைத் தானே வாத்துக் குடிப்பா. சிந்தினா தானே துடைப்பா."

"எழுத்து, நம்பர் எல்லாம் எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று பாரத் கேட்டான். "கோயமுத்தூர்ல என் அக்கா பையன் இதே வயசுல நூறு வரைக்கும் எழுதறான்."

ஹரிப்ரியா அவன் காலை மிதித்தாள். தாமதமாகத்தான் மிதித்தாள். மக்டலீனுக்குக் கோபம் வரவில்லை. இந்தியாவிலிருந்து வந்த எல்லா அப்பாக்களும் இதையே கேட்பார்கள் போலிருக்கிறது.

"எழுத்துப் பள்ளிக்கூடத்திலை வரும் அண்ணை. இஞ்சை படிக்கிறது வேறை. காத்திருக்கிறது, கேக்கிறது, வேண்டாம் எண்டு வாய் திறந்து சொல்லுறது. கோவம் வந்தா அடிக்காமல் கையை நீட்டி ஸ்டொப் எண்டு சொல்லுறது. அழுது முடிச்சிட்டுத் திரும்ப விளையாடப் போறது. எங்கடை பெரிய ஆக்களுக்கே இதிலை பாதி வராது."

அவள் ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினாள். யாமினி மரப்பலகை ஒன்றின் மேல் நின்று, இரண்டு கையும் விரித்து, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். மேல்வரிசைப் பல் அத்தனையும் தெரிந்தது. ஹரிப்ரியா அந்தப் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். இந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியாது. வாரக்கடைசிகளில் தன்னிடம் சிரிப்பது வேறு ஒரு சிரிப்பு, கொஞ்சம் மரியாதையான சிரிப்பு என்பது அப்போதுதான் புரிந்தது. பொறாமையாக இருந்தது. அந்தப் பலகையின் மேல்கூடப் பொறாமையாக இருந்தது.

"ஒண்டுதான் எனக்கு விளங்கேல்லை" என்றாள் மக்டலீன். "மத்தியானம் எல்லாரும் கொஞ்ச நேரம் படுப்பினம். இவ படுக்க மாட்டா. எழும்பியிருந்து கதவைப் பாத்துக்கொண்டிருப்பா. சில பிள்ளையள் இந்த வயசிலை பகல் நித்திரையை விட்டிடுங்கள், அது வேறை. இவவுக்கு நித்திரை வருது அக்கா. கண் சொருகும். சொருகின உடனை தன்ரை கன்னத்திலை தானே தட்டுவா."

ஹரிப்ரியா கையிலிருந்த படத்தை மேஜைமேல் வைத்தாள்.

"வெளிச்சமோ எண்டு திரை போட்டுப் பாத்தம். சத்தமோ எண்டு மூலைக்கு மாத்திப் பாத்தம். சரிவரேல்லை. வீட்டிலை எப்பிடி?"

"பகல்ல தூங்கறதை எப்பவோ விட்டுட்டா" என்றான் பாரத். "ஆகஸ்ட், செப்டம்பர்லேர்ந்து இருக்கும். வளர்ந்துட்டா போலன்னு நினைச்சோம்."

"அந்த நேரம் வீட்டிலை ஏதும் நடந்ததோ?"

"ஒண்ணும் இல்லையே" என்றான் பாரத். மனசறிந்து பொய் சொல்கிற ஆள் இல்லை அவன். உண்மையிலேயே அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஹரிப்ரியாவுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை. பெர்லினுக்கு முதல் பயணம். குழந்தை எதிரே கிளம்பினால் ஏங்கிப் போய்விடும், தூங்கும்போது போய்விடு என்று ஊரிலிருந்து அம்மா போனில் சொன்னாள். வைதேகியும் அதையே சொன்னாள். நம்மில் யார் வீட்டில் அப்படிச் செய்யாமல் இருந்திருக்கிறோம்? ஆபீஸ் போகிற அம்மா கொல்லைப்புறமாகப் போவதும், குழந்தைக்குக் காக்கையைக் காட்டிவிட்டு அப்பா நழுவுவதும் நமக்கெல்லாம் அன்பில் செய்கிற காரியங்கள். ஹரிப்ரியாவும் அன்று மகளைத் தட்டித் தூங்க வைத்தாள். முதுகில் இருந்த கையை மெல்ல எடுத்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அப்புறம் வந்த ஞாயிறுகளில் பாரத் யாமினியைப் பூங்காவுக்குக் கூட்டிப் போன நேரம் பார்த்துக் கிளம்பினாள். குழந்தை ஒரு தடவைகூட அழவில்லை. எவ்வளவு சமர்த்து என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்கள்.

காலையில் அந்த வெறும் வீட்டில் தான் அறை அறையாகத் தேடினதை நினைத்துப் பார்த்தாள். அது அவளுக்கு ஒரு தடவை, மகளுக்கு ஞாயிறுதோறும்.

மக்டலீன் அவள் முகத்தைப் பார்த்தாள். "என்ன அக்கா?"

"ஒண்ணுமில்லை. இன்னைக்கு அவளை மத்தியானமே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகவா?"

"ஓம், தாராளமாக் கூட்டிக்கொண்டு போங்கோ."

வெளியே வந்ததும் பாரத் திரும்ப ஆபீஸ் போக சைக்கிளை எடுத்தான். "ரொம்ப முகம் வாடாதே ஹரி. ஏப்ரல் வந்தா எல்லாம் சரியாயிடும். நீ இங்கயே இருப்பே. அப்ப தூங்குவா பாரு."

இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். யாமினி ஒரு கையில் தொங்கிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு காலைப் பெடலில் வைத்துவிட்டான்.

"ம்" என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ரசம் சாதம். நெய் விட்டுக் குழையப் பிசைந்து, ஒரு கவளம் உருட்டி, "ஆ காட்டு" என்றாள். இந்த ஒரு விஷயத்துக்காக அவள் விரல்கள் வாரம் முழுக்க ஏங்கியிருந்தன.

யாமினி வலது கையை நேராக நீட்டினாள். "ஸ்டொப்."

"ஒரே ஒரு வாய்டா."

"ஏலாது. நானே."

மியூனிக்கில் பிறந்த திருச்சிக்காரி மகள் மன்னார்த் தமிழ் பேசினாள். சிரிக்கத்தான் வேண்டும். சிரித்தாள். மகள் தானே சப்பாத்துப் போடப் பழகுவதும், பேச்சில் ஒரு புதுச் சொல் சேருவதும் எல்லாம் தான் இல்லாதபோதே நடந்து முடிந்துவிடுகின்றன. உருட்டின கவளத்தைத் தானே தின்றாள். யாமினி கரண்டியால் பாதியை வாய்க்கும் பாதியைச் சட்டைக்கும் கொடுத்து, சிறிய ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றி, சிந்தினதை ஓடிப்போய்த் துணி எடுத்து வந்து துடைத்தாள். துடைத்துவிட்டு, பார்த்தாயா என்பது போல நிமிர்ந்தாள்.

"ரொம்ப நல்லா துடைச்சே" என்றாள் ஹரிப்ரியா.

படுக்கையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்தார்கள். மண்ணும் சோப்பும் கலந்த வாசனை மகளின் தலையில். வெளியே டிராம் போகிற சத்தம்.

"தூங்கலாமா?"

"வேண்டாம்."

கொஞ்ச நேரம் போயிற்று. இமை கனத்து இறங்கியது. உடனே பொத்தென்று தன் கன்னத்தில் தானே தட்டிக்கொண்டாள் யாமினி. கண்ணை அகலத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். திரும்ப இமை இறங்கியது. திரும்பத் தட்டினாள். காதால் கேட்டதைக் கண்ணால் பார்க்கும்போது ஹரிப்ரியாவால் தாங்க முடியவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா தட்டிக்கறே?"

யாமினி கையை உருவப் பார்த்தாள். "நான் தூங்கினா நீ இருக்க மாட்டே."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. மழை பெய்தால் நனையும் என்கிற மாதிரி, தெரிந்த விஷயத்தைச் சொல்கிற குரல்.

"யாமி, இங்க பாரு" என்றாள். "அம்மா இன்னைக்கும் போகணும். சாயங்காலம் ரயில். ஆனா உன்னை எழுப்பி, உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்."

"எழுப்புவியா?"

"எழுப்புவேன்."

"அழுதா?"

"அழுதாலும் சொல்லிட்டுத்தான் போவேன்."

"நிறைய அழுதா?"

"நிறைய அழுதாலும்."

யாமினி இதைக் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். கன்னத்தில் தட்டிக்கொள்ளவில்லை. பேச்சு நின்று, மூச்சு சீராகி, பிடி தளர்ந்தது. மகளின் பகல் தூக்கத்தை ஹரிப்ரியா பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. கை மரத்துப் போயிற்று. எடுக்கவில்லை. இப்படியே இருந்துவிட வேண்டும், ரயிலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று இருந்தது. அதே சமயம் பெர்லினின் அந்த அறையும், சரி என்று சொன்னால் தன்னுடையது ஆகிவிடுகிற ஒரு மேஜையும் கண்ணுக்கு முன்னால் வந்தன. அதையும் வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை. இரண்டுக்கும் சேர்த்துத்தான் கண்ணீர் வந்தது.

பாரத் வந்தபோது அவள் கோட்டு போட்டுத் தயாராக இருந்தாள்.

"தூங்கறாளா!" வாசலில் நின்றே குரலை அடக்கினான். எட்டிப் பார்த்த அவன் முகம் மலர்ந்தது. "அடேயப்பா. நீ கிளம்பு, சத்தம் போடாம. பையை நான் எடுத்துட்டு வரேன்."

"எழுப்பணும்."

"உனக்கென்ன பைத்தியமா? இத்தனை மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் கண்ணை மூடியிருக்கா."

"வாக்குக் கொடுத்திருக்கேன் பாரத்."

"மூணரை வயசு. மறந்துடுவா."

"மறக்கலை. ஆகஸ்ட்லேர்ந்து மறக்கலை." கிசுகிசுத்தபடியே கட்டிலில் மகள் சொன்னதைச் சொன்னாள். "அவ தூங்கினா நான் இருக்க மாட்டேனாம். அதான் கன்னத்துல அடிச்சுக்கறா. ஒண்ணும் நடக்கலையேன்னு நீ சொன்னே. நான் நடத்தினேன்."

பாரத் சுவரில் சாய்ந்தான். "நாமன்னு சொல்லு. பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனது நான்."

ஹரிப்ரியா கட்டிலருகே மண்டியிட்டாள். இவ்வளவு அழகாகத் தூங்குகிற குழந்தையை அழ வைப்பதற்கென்றே எழுப்புகிற தாய் உண்டா? தோளைத் தொட்டாள். "யாமி. அம்மா கிளம்பறேன்டா."

யாமினி கண் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் கோட்டைப் பார்த்தாள். கீழுதடு பிதுங்கியது.

வீடே அதிரும்படி அழுதாள். நான்கு மாதத்து ஞாயிறுகளுக்கும் சேர்த்து அழுதாள். கோட்டின் பொத்தானைப் பிடித்து இழுத்தாள். "போகாதே" என்று எத்தனை தரம் சொன்னாள் என்று கணக்கில்லை. ஹரிப்ரியா அவளை மடியில் வைத்துக்கொண்டாள். காக்கை காட்டவில்லை, சாக்லேட் தரவில்லை.

"போயிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானமே வந்துடுவேன். உன்னைக் கூப்பிட நானே கீட்டாவுக்கு வருவேன்."

"நீயா?"

"நானேதான்."

அழுகை விக்கலாக இறங்கியது. யாமினி மடியிலிருந்து இறங்கினாள். புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். அம்மாவின் விரலைப் பிடித்து வாசல் வரை கூட்டிக்கொண்டு போனாள். கதவைத் திறந்தாள். பின்னால் போய் நின்று, இரண்டு உள்ளங்கையையும் அம்மாவின் இடுப்பில் பதித்து, பலங்கொண்ட மட்டும் தள்ளினாள்.

"போ. போயிட்டு வா!"

ஹரிப்ரியா தடுமாறி வெளியே வந்து விழுந்தாள் என்றே சொல்லலாம். பாரத்துக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"தினம் காலைல கீட்டா வாசல்ல எனக்கும் இதே மரியாதைதான். மக்டலீன் பழக்கினது. விட்டுட்டுப் போறவங்களைக் குழந்தையே வெளியில தள்ளி அனுப்பணுமாம். அப்பத்தான் போறது அவ கையில இருக்கற மாதிரி இருக்குமாம்." பையை அவள் கையில் கொடுத்தான். "அப்படியே ஏப்ரலையும் சொல்லிட்டுப் போ ஹரி. ஏப்ரலுக்கு அப்புறம் அம்மா போகவே மாட்டான்னு தெரிஞ்சா, இன்னும் நிம்மதியா தூங்குவா."

ஹரிப்ரியா வாயைத் திறந்தாள். அதற்குள் யாமினி கதவைச் சாத்திவிட்டாள். அவளைப் பொறுத்தவரை வழியனுப்பு முடிந்தது.

உள்ளே விசும்பல் கேட்டது. பிறகு பாரத் ஏதோ சொல்ல, அரைகுறையாக ஒரு சிரிப்பு. படியில் இரண்டு அடி இறங்கினாள். ரயிலுக்கு நேரம் சரியாக இருந்தது. இப்போது போனால் பிடித்துவிடலாம். பேராசிரியர் கேட்டதைத் திங்கட்கிழமை பெர்லினிலிருந்து போனில் சொல்லிக்கொள்ளலாம். அவன் வேலையில் இருக்கும்போது, குழந்தை பக்கத்தில் இல்லாதபோது, சங்கடம் இல்லாமல்.

நின்றாள். திரும்பி ஏறி வந்து மணியை அடித்தாள்.

பாரத் இடுப்பில் மகளோடு கதவைத் திறந்தான். "என்ன, எதையாவது மறந்துட்டியா?"

"மறக்கலை" என்றாள் ஹரிப்ரியா. பையைக் கீழே வைத்தாள். "உன்கிட்ட சொல்லாமயே கிளம்பிட்டேன் பாரத்."